‘மாறுகாலப் பொருள்’ என்ற ஒரு வார்த்தைக்கு நான் கொடுத்த விலை 1,850 பவுண்டு

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது பவுண்டு. இரண்டு வருடமாக மாதாமாதம் எடுத்துவைத்த காசு. இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் யாராவது பழைய மேசை, அலமாரி வாங்கும் ஆசையில் இருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் ஒவ்வொன்றாக எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. சின்ன ஊர் ஒன்றின் கடைவீதியில் இருக்கும் பழம்பொருள் கடை, அவ்வளவு போதும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். அங்கே பிரிட்டன் கூடங்களில் 1500 முதல் 1900 வரைக்குமான சாமான்கள் இருக்கின்றன. சனிக்கிழமை போனால் சாயங்காலம்தான் வெளியே வருவேன். அதிலும் எனக்குப் பிடித்தது நான்காம் வில்லியம் ஆண்ட ஏழு வருடம், 1830 முதல் 1837 வரை. அதற்கு முந்தைய ரீஜென்சி காலத்துச் சாமான்களின் மெலிந்த கால்கள் தடிக்கத் தொடங்கியிருக்கும். விக்டோரியா காலத்துக் கொழுப்பு இன்னும் ஏறியிருக்காது. மரத்தில் பித்தளை பதிக்கும் வேலை குறைந்து, தாமரை இதழும் சிங்கப் பாதமுமாகச் செதுக்கு வேலை கூடும். இதைத்தான் வியாபாரிகள் ‘மாறுகாலம்’ என்கிறார்கள். அந்த வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது, நான்காம் வில்லியம் காலத்தது என்று கடைக்காரர் சொன்ன ரோஸ்வுட் (ஈட்டி வகை மரம்) சீட்டாட்ட மேசை. மேல்பலகை இரண்டாக மடிந்திருக்கும். கால்வட்டம் திருப்பி விரித்தால் நாலு பேர் உட்கார்ந்து ஆடலாம். உள்ளே பச்சைக் கம்பளித் துணி. நடுவில் ஒற்றைத் தூண், அடியில் பக்கங்கள் உள்வாங்கிய பீடம், நாலு சிங்கப் பாதம், பித்தளைச் சக்கரங்கள். கூடவே ஒரு தேயிலைப் பெட்டியும் தருவதாகப் பேச்சு.

அந்தப் பெட்டியில்தான் நான் விழுந்தேன். கடைக்காரர் எழுபது வயதுக்காரர், கழுத்தில் கண்ணாடி தொங்கும். மேசையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் முதலில் ஒரு சின்னச் சாவியை என் கையில் கொடுத்து, “நீங்களே திறங்கள்” என்றார். கல் சவப்பெட்டி மாதிரி கீழே குறுகிப்போகும் பெட்டி. பூட்டு ‘டக்’ என்று திறந்தது. உள்ளே இரண்டு பக்கமும் மூடிபோட்ட அறைகள், நடுவில் தேயிலையைக் கலக்க ஒரு கண்ணாடிக் கிண்ணம். 1784இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்த பிறகும் இந்த ஊர்ச் சீமாட்டிகள் தேயிலையைப் பூட்டித்தான் வைத்தார்கள் என்று சிரித்தார். டீ கொடுத்தார். என் அப்பா கோயம்புத்தூரில் தச்சு வேலை செய்தவர் என்று நான் வாயை விட்டேன். “அப்படியானால் உங்களிடம் நான் என்ன சொல்வது, உங்கள் கைக்கே தெரியுமே” என்று என் கையைப் பிடித்து மேசை விளிம்பில் வைத்தார். அந்த இடத்திலேயே நான் முடிந்தேன். தச்சர் மகன் என்ற பெருமையில் மேசையைக் குப்புறக் கவிழ்த்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

விலை 1,950. கார்டு வேண்டாம், வங்கியில் நேராகப் போட்டால் நூறு குறைப்பதாகச் சொன்னார். போட்டேன். 1,850.

மேசை வந்து ஒரு வாரம் கழித்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டுக் காட்டினேன். பெருமையடித்துக்கொள்ளத்தான். அவர் மேலே பார்க்கவே இல்லை. “கண்ணு, அதைக் கவுத்துப் போடு” என்றார். கவிழ்த்தேன். “அந்தத் திருகாணிகிட்டக் கொண்டு போ. இன்னும் கிட்ட.” தூணையும் மேல்பலகையையும் சேர்க்கும் கட்டையில் ஆறு திருகாணி. ஐந்தில் ஒற்றைக் கோடு. ஆறாவதன் தலையில் மெழுகும் கறுப்புச் சாயமும் அப்பியிருந்தது. ஊக்கால் சுரண்டினேன். கூட்டல் குறி. அந்த மாதிரித் திருகாணி புழக்கத்துக்கு வந்ததே 1930களில். நான்காம் வில்லியம் செத்து நூறு வருடம் கழித்து!

சரி, ஒன்று பழுதாகி மாற்றியிருக்கலாம் என்றேன். “இன்னொண்ணக் கழட்டு.” கழற்றினேன். நுனி ஊசி மாதிரி கூர். 1840களுக்கு முந்தைய மரத்திருகாணிக்கு நுனி மொண்ணையாகத்தான் இருக்கும். பக்கத்தில் நாலு பழைய ஓட்டைகள், மெழுகு வைத்து அடைத்தவை. அந்தத் தூண் அதற்கு முன்னால் வேறு எதையோ தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஈரத் துணியால் பலகையின் அடிப்பக்கத்தைத் துடைக்கச் சொன்னார். துணி காப்பி டிகாக்‌ஷனில் நனைத்த மாதிரி ஆனது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “கால் நல்ல கால்தான் கண்ணு. தலைதான் வேற” என்றார். இந்த வியாபாரத்தில் இதற்குப் பெயரே ‘கல்யாணம்’. இரண்டு சாமான்களை வெட்டி ஒன்றாக்குவது. நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல். முதல் போன்: “பழைய சாமானில் ரிப்பேர் இருக்கத்தானே செய்யும்.” இரண்டாவது போன்: பிரான்ஸில் சரக்கு எடுக்கப் போயிருக்கிறார், பத்து நாள் ஆகும். மூன்றாவது: சாயம் போவதைச் சொன்னதும், ரீஜென்சி காலத்திலேயே பீச் (beech) என்ற சாதாரண மரத்துக்கு ரோஸ்வுட் மாதிரி வண்ணம் தீட்டியிருக்கிறார்களே, தெரியாதா என்று எனக்கே பாடம். அது உண்மைதான், தீட்டியிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்குத் தீட்டியது இன்றைக்குத் துணியில் ஒட்டாது ஐயா! காலும் பலகையும் ஒட்டவில்லையே என்றேன். “மாறுகாலப் பொருள் அல்லவா? கொஞ்சம் அந்தக் காலம், கொஞ்சம் இந்தக் காலம்.” சிரிப்பு வேறு. கில்லோஸ் என்ற பேர்போன மரச்சாமான் பட்டறையின் வேலையாக இருக்கலாம் என்று அன்றைக்குச் சொன்னீர்களே, முத்திரை எங்கே என்றேன். எல்லாவற்றிலும் குத்த மாட்டார்களாம்.

கடைசியில் பில்லை எடுத்துப் படிக்கச் சொன்னார். அதுவரை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை, என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். ‘மாறுகால ஸ்டைல் மேசை, ரோஸ்வுட் நிறம்’ என்று எழுதியிருந்தது. ஸ்டைல். நிறம். அந்த இரண்டு சொல்லில் 1,850 பவுண்டும் போய்விட்டது. வாயால் சொன்ன ‘நான்காம் வில்லியம்’ காகிதத்தில் எங்கேயும் இல்லை.

இதற்குள் 33 நாள். 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்னதற்கு மாறான பொருளை 30 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம்; பழைய பொருளுக்கும் அது உண்டு. நான் சொன்னதெல்லாம் போனில். எழுத்தில் ஒரு வரி கிடையாது. பிரான்ஸ் பயணம் எதற்கு என்று இப்போது புரிகிறது.

பார்க்க வேண்டியதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன் என்றேனே, இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது: கவிழ்த்துப் பாருங்கள். டார்ச் கொண்டுபோங்கள். பில்லில் வருடத்தை எழுதி வாங்குங்கள், ‘ஸ்டைல்’ என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நூறு பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் வங்கியையும் பிடிக்கலாம். வங்கியில் நேராகப் போட்டால் அந்தப் பிடி இல்லை. குறை தெரிந்த அன்றே ஈமெயில் அனுப்புங்கள். டீ கொடுத்தால் குடிக்காதீர்கள்.

சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம், பத்தாயிரம் பவுண்டு வரைக்கும் அங்கே எடுப்பார்கள் என்று நண்பர் சொல்கிறார். படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரரின் ஈமெயில் வந்துவிட்டது. நல்லெண்ணத்தின் பேரில் 300 பவுண்டு தருகிறாராம், மேசையை நானே வைத்துக்கொள்ளலாமாம். தேயிலைப் பெட்டியை மட்டும் சாவியோடு திருப்பித் தர வேண்டுமாம்.