பூம்பாறை ஜீப் சவாரி: ஓட்டுநருக்கு ஐந்து, பட்டியலுக்கு இரண்டு

கொடைக்கானலில் ஒரு டிராவல்ஸில் பூம்பாறை, மன்னவனூர் போக அம்மாவோடு அரைநாள் ஜீப் எடுத்தோம். பெயர் வேண்டாம். அவர்கள் தந்த பட்டியலில் குழந்தை வேலப்பர் கோயிலுக்கு இருபதே நிமிடம். மேலிருந்து ஊரைப் பார்க்கிற வியூ பாயின்ட்டுக்கும் அதே இருபது நிமிடம்!

நல்லவேளை, ஓட்டுநர் தம்பி பூம்பாறைக்காரர். "அம்மா மெதுவா வரட்டும்க்கா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவரும் கூடவே உள்ளே வந்தார்.

இங்குள்ள மூலவரும் போகர் சித்தர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஊர் நம்பிக்கை. "பழனியில ஒண்ணு, எங்க ஊர்ல ஒண்ணு" என்றபோது அவர் குரலில் லேசாகப் போட்டி தெரிந்தது. அருணகிரிநாதர் வந்து இரவு தங்கிய கதையையும் சொன்னார். தூங்குகிறவரைக் கொல்ல ஒரு ராட்சசி வருகிறாள். முருகன் குழந்தையாக வந்து அவர்மேல் தவழ்ந்து விளையாடுகிறான். காவித்துணியையும் குழந்தையையும் கண்டவள், யாரோ தாயும் பிள்ளையும் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறாள். வேலப்பர் 'குழந்தை வேலப்பர்' ஆனது அப்படித்தானாம். அம்மா கதையை விட்டுவிட்டு, "இந்தக் குளிர்ல பச்சப்புள்ளையவா அனுப்புறது?" என்று கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை.

எனக்குப் பிடித்தது தேர்ச் செய்திதான். தைப்பூசத்தை அடுத்து வரும் திருவிழாவில் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். தெருவெல்லாம் சரிவு, பின்னால் ஆள் பிடித்து நிறுத்தாவிட்டால் தேர் தானாக ஓடிவிடும். தம்பி பின்வடக்காரர். "முன்னாடி இழுக்கிறவங்களுக்குப் பேரு, எங்களுக்குக் கை கன்னிப்போகும்" என்றார். இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் வராது.

ஜீப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பின்சீட் கட்டை மாதிரி. முழங்கால் வலிக்காரர்களை முன்னால் உட்கார வையுங்கள். வளைவுகளுக்கு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். கோயிலில் கூடுதலாக நின்ற நேரத்துக்கு டிராவல்ஸ்காரர் தனியாகப் பணம் கேட்டார். கொடுத்தேன், ஆனால் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

புக் செய்யும்போதே பூம்பாறை ஓட்டுநர் வேண்டும் என்று கேளுங்கள். ஒரு வியூ பாயின்ட்டை வெட்டி அந்த நேரத்தைக் கோயிலுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டை ஊருக்குள்ளேயே வாங்கிவிடுங்கள்.