நோட்டுப் புத்தகமா, விசைப்பலகையா, குரல் தட்டச்சா? அஃபேசியாவில் எழுத்தை மீட்கும் வழிகள்

பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சித்தப்பாவின் இடது கையில் பென்சிலைக் கொடுத்து, மேசைமேல் இருந்த தயிர்க் கிண்ணத்தைக் காட்டினேன். 'த' போட்டார். கொஞ்சம் இடம் விட்டு 'ர்' போட்டார். நடுவே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அந்த வெற்றிடத்தில் பென்சில் முனையால் தட்டிக்கொண்டே இருந்தார். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர்.

பக்கவாதம் போன்ற மூளைப் பாதிப்பால் பேச்சும் எழுத்தும் குலைந்துபோவதுதான் அஃபேசியா. அது வந்தவர்களுக்குப் பேச்சு ஓரளவு திரும்பிய பிறகும் எழுத்து மட்டும் வராமல் அடம்பிடிப்பது உண்டு. அதற்கு என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். நாங்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டோம்.

முதலில் நோட்டு. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பெலாஜி பீசன் உருவாக்கிய முறை இது. ஒரு படம், பக்கத்தில் அதன் பெயர். பார்த்து இருபது முறை எழுத வேண்டும். பிறகு மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும். ஒரு சமயத்தில் ஐந்து சொற்கள் போல, தினமும். பள்ளிக்கூடத்து இம்போசிஷன் மாதிரி இருக்கிறதே என்று சித்தி முகம் சுளித்தார். ஆனால் எழுத்து இதில் உண்மையாகவே திரும்பி வருகிறது. குறை என்னவென்றால், பயிற்சி செய்த சொல்தான் வரும். 'தயிர்' வந்துவிட்டதால் 'மோர்' வந்துவிடாது. ஆகவே பட்டியலை நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். பயிற்சிப் புத்தகத்தில் இருக்கும் 'யானை'யை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அடுத்தது விசைப்பலகை. கணினியை இதற்குப் பயன்படுத்துவது புதிதல்ல. செரோன், டெலோஷ் முதலியோர் 1980இலேயே ஐந்து நோயாளிகளை வைத்து முயன்றார்கள். சொல்லைக் காதால் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும், கணினி வழிகாட்டும். பிறகு கையால் எழுதச் சொல்லிப் பார்த்தபோது அதிலும் பிழைகள் குறைந்திருந்தன. 2013இல் பீசன் குழு ஒரே நோயாளிக்குச் சில சொற்களைக் கையெழுத்திலும் வேறு சிலவற்றைக் கைபேசி விசைகளிலும் பயிற்றுவித்தது. இரண்டிலும் முன்னேற்றம் தெரிந்தது. நெடுநாள் நிலைத்தது கையெழுத்துதான்.

இந்த ஆய்வுகள் எதுவும் நம் கொம்பைப் பார்த்ததில்லை. 'தெரு' என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு த. கைபேசியின் தமிழ் விசைப்பலகையில் முதலில் த, பிறகு எகரம். பழைய தட்டச்சுப் பொறியிலோ கையெழுத்தைப் போலக் கொம்புதான் முதலில். சித்தப்பாவின் விரல் கொம்பைத் தேடித் திரையெங்கும் அலைந்தது. இதைவிட மோசம், ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் விசைப்பலகை. சொல்லை ஒலியாகப் பிரித்து, ஒவ்வொரு ஒலிக்கும் இன்னொரு மொழியின் எழுத்தைத் தேட வேண்டும். அஃபேசியா பலரிடம் பறித்துக்கொள்வது சரியாக அந்தத் திறனைத்தான். வீட்டில் அப்படி இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது குரல் தட்டச்சு. எல்லோரும் முதலில் சொல்வதும் இதைத்தான். இலவசம், கைபேசியிலேயே இருக்கிறது. லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்ஷல் குழு 21 பேருக்குக் குரலை எழுத்தாக்கும் மென்பொருளையோ சொல்லை ஊகித்துத் தரும் மென்பொருளையோ கொடுத்துப் பயிற்சி அளித்தது. அவர்கள் எழுதிய மின்னஞ்சல்கள் தெளிவாகவே மேம்பட்டன. ஆனால் மென்பொருளை எடுத்துவிட்டால் அந்த மேம்பாடும் இல்லை. ஊன்றுகோல் கால் ஆகாது. அதனால் ஊன்றுகோல் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே.

பேச்சு நன்றாக இருந்து எழுத்து மட்டும் போனவர்களுக்குக் குரல் தட்டச்சு வரம்தான். சித்தப்பா அந்த ரகமல்ல. அவர் 'மருந்து' என்றார். திரையில் 'மறந்து' என்று விழுந்தது. நாங்கள் சிரித்துவிட்டோம், அவர் சிரிக்கவில்லை. தவறு விழுந்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வாசிப்பும் ஓரளவு பழுதுபட்டிருந்தது. எழுதியதைத் திரும்ப உரக்கப் படித்துக்காட்டும் வசதி இல்லாமல் குரல் தட்டச்சை இவர்களிடம் கொடுப்பதில் பயனில்லை.

எங்களுக்குச் சரிப்பட்டது சொல் ஊகம். முதல் எழுத்தை அவரால் பெரும்பாலும் பிடித்துவிட முடிகிறது. 'ம' அடித்ததும் விசைப்பலகைக்கு மேலே மூன்று சொற்கள் வருகின்றன. தானாக எழுத முடியாத சொல்லைக்கூடப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்கிறார். அடிக்கடி தொடும் சொற்களைக் கைபேசி நினைவில் வைத்துக்கொண்டு முன்னால் நீட்டுகிறது.

ஆகவே காலையில் அரை மணி நேரம் நோட்டு, மற்ற நேரமெல்லாம் ஊகம் என்று வைத்துக்கொண்டோம். நோட்டில் இருப்பவை தயிர், சர்க்கரை, மருந்து, பேத்தியின் பெயர், எங்கள் தெருவின் பெயர். ஐந்தில் நான்கு இப்போது பார்க்காமலே வருகின்றன. தெருப்பெயர் மட்டும் இன்னும் கொம்பில் சிக்கி நிற்கிறது.

மூன்று சொற்களில் சரியானதைத் தொட அவருக்குப் பதினைந்து விநாடி ஆகிறது. சித்தி அதற்குள் என்ன வேண்டும் என்று தானே சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறார். அவரை அந்தப் பதினைந்து விநாடி உட்கார வைக்கத்தான் இன்னும் எந்த மென்பொருளும் கிடைக்கவில்லை.