பெரியப்பாவின் பழைய வீவர் ஸ்கோப்: 6 வருடம் சுட்டுப் பார்த்தபின்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தென்னந்தோப்பில் 20 மீட்டரில் அட்டை நட்டு ஏர் ரைபிள் சுடுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். துப்பாக்கி இரண்டு முறை மாறிவிட்டது, மேலே இருக்கும் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மட்டும் மாறவில்லை. பெரியப்பா வால்பாறையில் எஸ்டேட் வேலையில் இருந்தபோது மேனேஜர் ஒருவரிடம் வாங்கிய வீவர் கே4 அது. இரும்புக் குழல், 4 மடங்கு, ஜூம் கிடையாது. 1930இல் தொடங்கிய வீவர் கம்பெனி, 1933இல் டெக்சாஸின் எல் பாசோவுக்குப் போய், 1984இல் அங்கே கடையை மூடியது. இப்போது நம் ஆட்களுக்கு அந்தப் பெயர் துப்பாக்கி மேல் ஸ்கோப்பைப் பொருத்தும் ‘வீவர் ரெயில்’ பட்டை வழியாகத்தான் தெரியும்.

கைக்கு வந்தபோது தோல் உறைக்குள் இருந்தது. பார்க்க அழகு, ஆனால் லென்ஸுக்கு எமன். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து, கண்ணாடி ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. எட்டிப் பார்த்த பெரியப்பா, “என்னடா இது, சாளேசுரம் வந்த கண்ணாட்டம் இருக்கு” என்றார். பழைய ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் செல்போன் டார்ச்சை ஒரு முனையில் அடித்து மறுமுனையில் பாருங்கள். வெளிக் கீறலை மன்னிக்கலாம், உள்ளே பூஞ்சை நூல் தெரிந்தால் விலையைப் பாதியாக்கிக் கேளுங்கள்.

அடுத்தது என் முட்டாள்தனம். அதை ஸ்பிரிங் ஏர் கன்னில் மாட்டினேன். “வேண்டாண்டா” என்று பெரியப்பா சொன்னதைக் கேட்கவில்லை. தோட்டா ரைபிள் பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் கன்னோ பிஸ்டன் ஓடும்போது பின்னால் போய், பிஸ்டன் முட்டியதும் முன்னால் குலுங்கும். பழைய ஸ்கோப்புகள் இந்த இரட்டை உதைக்குச் செய்யப்பட்டவை அல்ல. இரண்டாம் மாதம் உள்ளே குறி காட்டும் குறுக்குக்கம்பி அறுந்து சுருண்டது. கோயமுத்தூரில் ஒரு கேமரா மெக்கானிக் பூஞ்சையைத் துடைத்து வேறு கம்பி கட்டிக் கொடுத்தார். முன்னைவிடக் கொஞ்சம் தடிமன், என் கண்ணுக்கு அதுவே வசதி. அதன் பிறகு முன்கூட்டியே அடைத்து வைத்த காற்றில் சுடும், உதைக்காத பிசிபி ரைபிளில்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு தொல்லை, இது தூரத்துக்குச் செய்த சாமான். 20 மீட்டரில் அட்டை மங்கலாகத் தெரியும், தலையைச் சற்று நகர்த்தினால் குறியும் நகரும். மருந்து டப்பா மூடியில் 12 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு முன்பக்கம் செருகினேன். படம் கொஞ்சம் இருட்டானது, குறி நகர்வது பெரும்பாலும் நின்றது. சாயங்காலம் மூடியைக் கழற்றிவிடுவேன்.

அந்த நேரத்தில்தான் இதன் அருமை தெரியும். தம்பி ஆன்லைனில் வாங்கியது 3-9x40, அதாவது 3 முதல் 9 மடங்கு, முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர். அதை 9இல் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 40ஐ 9ஆல் வகுத்த அளவு, நாலரை மில்லிமீட்டர்கூட இல்லை. 4 மடங்கே உள்ள பழசில் வட்டம் பெரிது. ஆறரை மணிக்கு அவனுடையதில் அட்டை கருத்துப்போகும், என்னுடையதில் கறுப்புப் புள்ளியே தெரியும். அவன் 4க்கு இறக்கினால் வெளிச்சம் கிடைக்கும்தான், ஆனால் 9ஐ விட மனசு வராது. நேர்வெயிலில் நிலைமை தலைகீழ். பழைய ஒற்றைப் பூச்சு லென்ஸில் வெளுத்த திரை விழுகிறது, புதுசு பளிச்சென்று இருக்கிறது.

ஜீரோ செய்வதும், அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி திருகிச் சரிசெய்வதும், பொறுமையைச் சோதிக்கும். கிளிக் சத்தம் கிடையாது. திருகிவிட்டு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் குழலை இரண்டு தட்டு தட்டினால்தான் உள்ளே இருப்பது இடத்தில் உட்காரும். தட்ட மறந்தால் நாலாவது குண்டு தானாக இடம் மாறும். ஒருமுறை உட்கார்ந்தபின் மாதக்கணக்கில் அசையவில்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குண்டைத் தள்ளுவதற்குப் பாவம், ஸ்கோப் என்ன செய்யும்?

ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்டுக்கும் மெக்கானிக்குக்கும் சேர்த்துச் செலவழித்ததில் நல்ல புது 4x ஒன்றே வாங்கியிருக்கலாம். வெளியே பெரிய விலை கொடுத்து இதை வாங்கச் சொல்ல மாட்டேன். இப்போது தோல் உறையை விட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். அப்படியும் இந்த மழைக்குக் கண் பக்க லென்ஸ் ஓரத்தில் மறுபடி ஒரு நூல் தெரிகிறது. அடுத்த வாரம் கோயமுத்தூர் போகணும்.