கேரட்டுக்கு மூட்டை உரமா, எருக்குவியலா?

மண்டியில் கேரட்டைத் தரம் பிரிப்பவர் ஒரு கிழங்கை இரண்டு நொடிக்கு மேல் பார்ப்பதில்லை. நேராக, வழவழப்பாக இருந்தால் ஒரு பக்கம். இரண்டு கால் விட்டதும் நீளவாக்கில் வெடித்ததும் உடம்பெல்லாம் முடிவேர் படர்ந்ததும் மறுபக்கம். அந்த மறுபக்கக் குவியல் பெருகுவதற்கு நாம் போட்ட உரமும் ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் நீலகிரியில் ரசாயனமா, இயற்கையா என்ற விவாதம் ஓயாமல் நடக்கிறது.

கணக்கு மட்டும் பார்த்தால் ரசாயன உர மூட்டைக்கே வெற்றி. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). ஏக்கருக்கு 40 கிலோ தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், 45 கிலோ மூட்டை இரண்டு போதும். தோளில் சுமந்தே படிக்கட்டு நிலத்தில் ஏற்றிவிடலாம். மாட்டு எருவான தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம்தான். அதே 40 கிலோவுக்கு 8 டன் வேண்டும். அதிலும் முதல் பயிருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதி அடுத்தடுத்த போகங்களுக்குத்தான். எருவை மட்டும் நம்பினால் 20 டன்னைத் தாண்டிவிடும். அவ்வளவு எருவுக்கு இன்று மாடு எங்கே இருக்கிறது?

ஆனால் மலை மண் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. இது புளிப்பு மண். போடுகிற மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பெரும்பகுதியை மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஆண்டுதோறும் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் போடப் போடப் புளிப்பு இன்னும் ஏறுகிறது. ஒரு பெருமழை அடித்தால் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) கரைந்து போய்விடுகின்றன. மட்கிய எரு இருக்கிற மண்ணில்தான் சத்து தங்குகிறது. மணிச்சத்தும் வேருக்கு எட்டுகிறது. எரு இல்லாத நிலத்தில் மூட்டைக்குக் கொடுத்த பணத்தில் பாதியை ஓடைக்குக் கொடுக்கிறோம்.

அப்படியானால் முழுவதும் இயற்கைக்கே போய்விடலாமே என்பவர்களை நான் மதிக்கிறேன். நிலத்தைப் பல ஆண்டுகளாகப் பக்குவப்படுத்தி, நல்ல விலை தரும் வாடிக்கையாளரையும் பிடித்தவர்களுக்கு அது சரியான வழி. ஒரே போகத்தில் தாவுவதுதான் ஆபத்து. 2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. அங்குள்ள மலைப்பகுதியான நுவரெலியாவின் காய்கறித் தோட்டங்களும் தவித்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டியதாயிற்று. குற்றம் எருவின் மீது இல்லை, அவசரத்தின் மீது.

இயற்கை உரத்திலும் அவசரம் கூடாது என்பதை நான் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். சமவெளியிலிருந்து வந்த கோழி எருவை ஆறவிடாமல் பாத்தியில் கொட்டி ஒரு வாரத்தில் விதைத்தேன். தழை இடுப்புயரம் இல்லையென்றாலும் முழங்காலைத் தாண்டிச் செழித்தது. பிடுங்கிப் பார்த்தால் பாதிக் கிழங்குகள் கவட்டை. பச்சை எருவின் சூடும் கட்டியும் நுனிவேரைக் கெடுத்தால் கேரட் பிளக்கும். தழைச்சத்து அளவு மீறினால், மூட்டையில் வந்தாலும் எருவில் வந்தாலும், இலைதான் கொழுக்கும்.

ஆகவே என் முடிவு இரண்டும் சேர்ந்ததுதான். ஆனால் பாதிக்குப் பாதி கலப்பது என்று இதற்குப் பொருள் இல்லை. எது முன்னே, எது பின்னே என்பதில்தான் சூட்சுமம். மண் பரிசோதனைப்படி, புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்பு வகையான டோலமைட்டை முதலில் போட்டு, இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். சுண்ணாம்பும் யூரியாவும் ஒன்றாகச் சேர்ந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். கடைசி உழவில் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் மட்கிய எரு. வேர்முடிச்சு நூற்புழு உள்ள நிலமென்றால் கூடவே வேப்பம் புண்ணாக்கு. மணிச்சத்து முழுவதும் அடியுரம். தழைச்சத்திலும் சாம்பல்சத்திலும் பாதியை விதைப்பின்போதும், மறுபாதியை 30ஆம் நாள் களையெடுத்து, நெருக்கமான பயிரைக் கலைத்த பிறகும் கொடுக்கலாம். பத்து டன் எரு இருந்தால் மேலே சொன்ன இரண்டு மூட்டை யூரியா ஒன்றாகக் குறையும். பொட்டாஷில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்; கிழங்கு திரள்வதற்கு அதுதான் துணை.

எரு பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தால் போதும். மழை பெய்த மண் வாடை வர வேண்டும். நெடி மூக்கில் ஏறினால் அதைக் கேரட் பாத்திக்குக் கொண்டுவராதீர்கள். முட்டைகோஸ் நடும் நிலத்துக்குத் தள்ளிவிடுங்கள். கோஸ் அறுத்த பிறகு, அடுத்த போகத்தில் அங்கேயே கேரட் விதைத்துக்கொள்ளலாம்.