கேட்வேயா, நேரடி ப்ரொஃபிபஸ்ஸா, ஈதர்நெட்டா? மோட்டார் ஸ்டார்ட்டருக்கு எது ஒத்துவரும்

பேனல்ல எட்டு மோட்டார் ஸ்டார்ட்டர் (மோட்டாரை ஆன் ஆஃப் பண்ணி, ஓவர்லோட்ல காப்பாத்துற சாதனம்), மேல ப்ரொஃபிபஸ் (தொழிற்சாலை சாதனங்களை இணைக்குற ஒரு நெட்வொர்க்) பேசுற பிஎல்சி (மெஷினை ஓட்டுற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்), நடுவுல எதைப் போடலாம்னு கேட்டா எல்லாரும் ஸ்பீடு கணக்குக்குத்தான் போவாங்க, ப்ரொஃபிபஸ்ஸோட 12 எம்பிபிஎஸ் எங்க, கேட்வேக்குக் கீழ ஓடுற 19200 பாட் எங்கன்னு. நான் அதைக் கடைசியாதான் பார்ப்பேன். ஓவர்லோட் ட்ரிப்பை ஸ்டார்ட்டரே பார்த்துக்குது, எமர்ஜென்சி ஸ்டாப் எப்படியும் தனி வயர்ல போகுது, அப்புறம் என்ன அவசரம்? வயர் கழண்டா எது பிஎல்சிகிட்ட உண்மையைச் சொல்லுது, எது பொய் சொல்லுது, என் கேள்வி அதுதான்.

முதல்ல கேட்வே, அதாவது ரெண்டு நெட்வொர்க்குக்கு நடுவுல மொழிபெயர்க்குற பெட்டி. உதாரணத்துக்கு ஷ்னைடரோட டெசிஸ் யூ ஸ்டார்ட்டருக்குன்னு எல்யூஎஃப்பி7 இருக்கு, ஒரு பக்கம் ப்ரொஃபிபஸ், இன்னொரு பக்கம் மோட்பஸ் ஆர்டியூ (ஒவ்வொரு ஸ்டார்ட்டரா கேட்டுப் பதில் வாங்குற சீரியல் லைன்), 8 ஸ்டார்ட்டர் வரைக்கும் தாங்கும். ஸ்டார்ட்டரோட 704ஆம் ரெஜிஸ்டர்ல (டேட்டா வைக்குற, எண் போட்ட இடம்) கமாண்ட் எழுதணும், 455ல ஸ்டேட்டஸ் படிக்கணும், அவ்வளவுதான் அடிப்படை. ப்ரொஃபிபஸ் முகவரி ஒண்ணே ஒண்ணு போதும், ஸ்டார்ட்டருக்கெல்லாம் மோட்பஸ் மாட்யூல் மட்டும் போட்டாப் போதும்.

வேகம் என்ன ஆகும்னா, 19200ல ஒரு கேரக்டருக்கு 11 பிட், அதாவது சுமார் 0.57 மில்லிசெகண்ட், ஒரு ரெஜிஸ்டர் படிக்க 8 பைட் போய் 7 பைட் வரணும், அது ஒரு 9 மில்லிசெகண்ட், நடுவுல விடுற 3.5 கேரக்டர் இடைவெளி, ஸ்டார்ட்டர் யோசிக்கிற நேரம் எல்லாம் சேர்த்து தாராளமா 20ன்னு வச்சுக்கலாம். எட்டு ஸ்டார்ட்டர், ஆளுக்கு ஒரு ரீட் ஒரு ரைட், மொத்தம் 320 மில்லிசெகண்ட். கான்டாக்டரை (மோட்டாருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்) ஆன் ஆஃப் பண்ண இது ஏராளம்.

ஆனா ஒரு ஸ்டார்ட்டர் செத்துப் போச்சுன்னா கதையே மாறிடும். டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்குற நேரம்) 1000 மில்லிசெகண்ட், ரீட்ரை (மறுபடி கேக்குற தடவை) 3ன்னு விட்டிருந்தா அந்த ஒருத்தனுக்காக ஒரு டெலிகிராமுக்கு, அதாவது ஒரு கேள்விக்கு, 4 செகண்ட், ரீட் ரைட் ரெண்டுக்கும் 8 செகண்ட், மத்த ஏழு பேரும் வாசல்ல நிக்கணும். டைம்அவுட்டை 200, 300க்குக் குறைச்சு ரீட்ரையை ஒண்ணா வச்சா ஓரளவு சமாளிக்கலாம்.

அதைவிட மோசம் ஃப்ரீஸ், கிளியர்னு ஒரு செட்டிங். ஒரு தடவை கமிஷனிங்ல (எந்த கம்பெனி கேட்வேன்னு சொல்லல) சும்மா சோதிக்கலாமேன்னு மூணாவது ஸ்டார்ட்டரோட 24 வோல்ட்டை உருவினேன், கான்டாக்டர் டக்குன்னு விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு, ஸ்கிரீன்ல மட்டும் மோட்டார் பச்சையா ஓடிக்கிட்டே இருக்கு! பதில் வரலைன்னா கடைசி டேட்டாவையே பிடிச்சு வச்சுக்கோன்னு ஃப்ரீஸ்ல விட்டிருந்தோம். கிளியர்னு மாத்தினா எல்லா பிட்டும் 0 ஆகும், அதுலயும் ஒரு பொறி இருக்கு பாருங்க, ஃபால்ட் பிட்டும் 0தான், அதனால ஃபால்ட்டை மட்டும் பார்க்குற ப்ரோக்ராமுக்கு ஒண்ணுமே தெரியாது. ஸ்டார்ட்டர் தயார்னு சொல்ற ரெடி பிட் 1 இல்லைன்னா அலாரம்னு எழுதுங்க.

கமாண்டை எப்பவும் எழுதிக்கிட்டே இருக்கணுமா, மாறும்போது மட்டுமா? மாறும்போது மட்டும்னா ஸ்டார்ட்டர் பவர் போயி வந்தப்புறம் பிஎல்சில ரன் பிட் 1ன்னே இருக்கும், மோட்டார் அசையாது. சுழற்சியா எழுதினா பவர் வந்தவுடனே மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சிடும், பக்கத்துல ஆள் நின்னா? நான் சுழற்சியாதான் எழுதுவேன், ஆனா ரெடி போனவுடனே பிஎல்சி ரன் பிட்டை அணைச்சு, ஆபரேட்டர் மறுபடி ஸ்டார்ட் கொடுத்தாதான்னு வச்சிடுவேன்.

அடுத்து ஸ்டார்ட்டருக்கு ஸ்டார்ட்டர் நேரடி ப்ரொஃபிபஸ் மாட்யூல். இதுல பொய் ரொம்பக் கம்மி. ஸ்டேஷன் ஒண்ணு (அதாவது ஒரு ஸ்டார்ட்டர்) விழுந்தா மாஸ்டரா இருக்குற பிஎல்சிக்கே உடனே தெரியும், சீமென்ஸோட எஸ்7-300 பிஎல்சில ஓபி86ங்கிற, ஸ்டேஷன் விழுந்தா ஓடுற ப்ரோக்ராம் பிளாக்கைப் போடலைன்னா சிபியூவே ஸ்டாப்புக்குப் போயிடும், அந்த அளவுக்கு வெளிப்படை. செலவும் முகவரியும் கூடும், ரிப்பீட்டர் இல்லாம ஒரு செக்மென்ட்ல 32 பேர்தான், 12 எம்பிபிஎஸ்னா கேபிள் 100 மீட்டர்தான். ஸ்டார்ட்டருக்கு 1.5 எம்பிபிஎஸ்ஸே அதிகம், 200 மீட்டரும் கிடைக்கும். ஊதா ப்ரொஃபிபஸ் கேபிள் கனெக்டர்ல இருக்குற, லைன் முனைக்கான டெர்மினேஷன் சுவிட்சை மட்டும் நடுவுல யாராவது ஆன் பண்ணிட்டாங்கன்னா அதுக்கு அந்தப் பக்கம் மொத்தமும் துண்டாகிடும், பாதி லைன் காணோம்னா முதல்ல அங்க பாருங்க.

ஈதர்நெட் பத்தி நிறைய சொல்ல இல்ல, புது பேனல், பிஎல்சியும் ஈதர்நெட்தான்னா அதையே போடுங்க. ஒவ்வொரு ஸ்டார்ட்டருக்கும் தனி இணைப்பு, ஒருத்தன் செத்தா மத்தவன் காத்திருக்க வேண்டாம். ஆனா சுவிட்ச் இல்லாம ரெண்டு போர்ட்ல ஒண்ணுக்கொண்ணு கோத்துட்டுப் போனா நடுவுல ஒருத்தனுக்கு பவர் போனா அதுக்குப் பின்னாடி எல்லாரும் போச்சு, கடைசி ஆளையும் திருப்பி முதல் பக்கம் கோத்து ரிங் போடணும்.

இன்னொண்ணு, ராத்திரி ஷிஃப்ட்ல எலக்ட்ரீஷியன் தனியா ஸ்டார்ட்டர் மாத்துறப்போ முகவரி சுவிட்ச் இருக்குற மாட்யூல்னா பழசைப் பார்த்து அதே மாதிரி தள்ளி வச்சிட்டு வேலையை முடிச்சிடுவாரு, சுவிட்ச் இல்லாத ஈதர்நெட் மாட்யூல்னா ஐபி கொடுக்கத் தெரிஞ்ச ஆளை எழுப்பணும், எங்க சைட்ல அந்த ஆள் நான்தான்.