பதினைந்தாம் சீட்டும் சேற்றுக்கால் உழவனும்

குறி பார்க்கப் பயன்படுத்தும் படச்சீட்டுக் கட்டான ரைடர்-வெயிட் டாரட்டில் 78 சீட்டுகள் உண்டு. நான் அதை வாங்கியது ஒரே ஒரு சீட்டுக்காக: பதினைந்தாம் எண், சாத்தான். குறி பார்ப்பதில் எனக்கு நாட்டமில்லை. பத்து வருடமாகக் காலையில் தியானத்துக்கு உட்காருகிறேன்; பௌத்த சூத்திரங்களில் புத்தரை மயக்கித் தடுக்கப் பார்க்கும் மாரன் வரும் இடங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். மேற்கத்திய மறைஞானிகள் கண்ட சாத்தானை அவனுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக இருந்தது.

முதலில் பொருளைப் பற்றி. விற்பனையாளர் மெல்லிய உறையில் அனுப்பியதால் பெட்டியின் ஒரு மூலை நசுங்கி வந்தது. சீட்டுகள் சாதாரணச் சீட்டைவிட நீளம். என் கைக்குக் கலைத்துப் போடச் சிரமம். மஞ்சள் நிறம் கொஞ்சம் அடிக்கிறது. ஆனால் 1909இல் லண்டனில் வெளியான இந்தக் கட்டுக்குப் படம் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித்தின் கோடுகளுக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம். திட்டம் வகுத்த வெயிட்டின் பெயரையும் பதிப்பாளர் பெயரையும் சேர்த்துக் கட்டுக்குச் சூட்டியவர்கள், வரைந்தவரை விட்டுவிட்டது எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

சாத்தான் சீட்டை விளக்கொளியில் வைத்துப் பாருங்கள். கறுத்த பின்னணி, வௌவால் இறக்கை, ஆட்டுக் கொம்பு, நெற்றிக்கு மேல் தலைகீழ் நட்சத்திரம். ஒரு கை உயர்ந்திருக்கிறது; இன்னொரு கை தீவட்டியைக் கீழ்நோக்கிப் பிடித்திருக்கிறது. 1850களில் பிரான்சில் எலிஃபாஸ் லெவி என்ற மறைஞானி வரைந்த, பாஃபோமெட் என்னும் ஆட்டுத்தலை உருவத்தின் வாரிசு இது. லெவிக்குச் சாத்தான் ஓர் ஆள் அல்ல. கண்ணில்லாத ஒரு சக்தி. அறிந்தவன் கையில் அது கருவி, அறியாதவனுக்கு அழிவு.

கீழே ஓர் ஆணும் பெண்ணும் சங்கிலியில் நிற்கிறார்கள். ஆறாம் சீட்டான காதலரில் தேவதையின் கீழ் நின்ற அதே இருவர்தாம். கழுத்து வளையத்தைக் கவனியுங்கள்: தொளதொளவென்று கிடக்கிறது. இரு கைகளால் தூக்கினால் தலை வழியே கழன்றுவிடும். எவரும் தூக்கவில்லை. பாலி நூல்கள் மாரனின் கண்ணி என்று சொல்வதை இவ்வளவு துல்லியமாக நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ஆனால் உடன் வந்த கையேடு அழிவு, வன்முறை, விதி என்று சொற்களை அடுக்கிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறது. அந்த வளையத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இதுதான் கட்டின் பெரிய குறை.

இருந்தாலும் இந்தச் சாத்தான் பீடத்தில் உட்கார்ந்திருக்கிறான். என்னைக் கண்டு பயப்படு, இல்லையென்றால் என்னை அடக்கி ஆள் என்கிறான். மாரன் அப்படி வருவதில்லை. பாலி சூத்திரத் தொகுப்பான சங்யுத்த நிகாயத்தில் ஒரு முறை உழவனாக வருகிறான். தோளில் கலப்பை, கையில் நீளமான தாற்றுக்கோல், கலைந்த தலை, காலெல்லாம் சேறு. "சமணரே, என் மாடுகளைப் பார்த்தீரா?" என்று கேட்கிறான். உனக்கு மாடு எதற்கு என்று புத்தர் கேட்டதும், கண் என்னுடையது, காணும் உருவம் என்னுடையது, காது என்னுடையது, ஒலி என்னுடையது என்று அடுக்குகிறான். புத்தர் அவனோடு மல்லுக்கு நிற்பதில்லை, அவனை வசப்படுத்தவும் முயல்வதில்லை. உன்னுடையவை உன்னுடையவையே, அவை இல்லாத இடத்தில் உனக்கு வழியில்லை என்கிறார். இதெல்லாம் போதிமரத்தடி வெற்றிக்குப் பிறகு நடப்பது. மணிமேகலை "மாரனை வெல்லும் வீர" என்று போற்றும் அந்தப் புத்தரிடமே அவன் திரும்பத் திரும்ப வருகிறான்.

நானும் என் தம்பியும் ஒரு பொதுக் கிணற்றுக்காக நான்கு வருடம் பேசாமல் இருந்தோம். அப்போது என் வாசலுக்குக் கொம்போடும் இறக்கையோடும் எவனும் வரவில்லை. நியாயம் கேட்கிற, உழைத்துக் களைத்த, சேற்றுக்காலோடு நிற்கிற ஒருவன்தான் தினமும் வந்து "என்னுடையது" என்று சொன்னான். நான் அவனை நானே என்று நம்பினேன்.

குறி பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டை நான் சிபாரிசு செய்யத் தேவையில்லை, அவர்கள் முன்பே வாங்கியிருப்பார்கள். மாரனைப் பற்றி வாசிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கையேட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். பதினைந்தாம் சீட்டு இப்போது என் தியானப் பலகைக்கு எதிரே சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடியில் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "என் மாடுகளைப் பார்த்தீரா?"