சென்னை வெயிலுக்கு ஹஸ்கியா, தெருக்குட்டியா?

ஹஸ்கி நாயின் நீலக் கண்ணைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறவர்கள் பலர். சைபீரியப் பனியில் வண்டி இழுத்த இனம் அது; ரோமமே இரண்டு அடுக்கு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். எங்கள் மாடி வீட்டு ஹஸ்கி, கத்திரி வெயிலில் கரண்ட் போன மதியங்களில் குளியலறைத் தரையோடு வயிற்றை ஒட்டிப் படுத்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். மொட்டையடித்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. நேர் வெயிலிலிருந்து தோலைக் காப்பதே அந்த ரோமம்தான். ஏசி, தினமும் நீண்ட ஓட்டம், வீடெங்கும் உதிரும் முடி. இரண்டே வருடத்தில் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். காரில் ஏற்றும்போது அது திரும்பித் திரும்பிப் பார்த்தது.

தெருக்குட்டிக்குக் குட்டை ரோமம், இந்த ஊர்க் காற்றுக்குப் பழகிய உடம்பு. எங்கள் கறுப்பி துவைக்கிற கல்லடியில் ஈரம் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அதற்காக அவளுக்கு வெயில் உறைக்காது என்றில்லை. நடை காலை 7 மணிக்குள், அப்புறம் இருட்டிய பிறகுதான். தார்ச்சாலையில் புறங்கையை 5 விநாடி வைக்க முடியாவிட்டால் கூட்டிப்போவதில்லை.

ரேபிஸ் ஊசி, கருத்தடைச் செலவு இரண்டுக்கும் உண்டு.

நான் தெருக்குட்டியைத்தான் சொல்வேன். ஹஸ்கிதான் வேண்டுமென்றால், அது 12 வருடத்துக்கு மேலும் வாழும். அத்தனை மே மாதமும் ஏசி போட முடியுமா என்று முதலில் பாருங்கள்.